14416-க்குப் பிறகு என்ன?

நள்ளிரவில் தூக்கமின்றிப் புரளும் ஒருவரால், காசு செலவில்லாமல், மருத்துவமனை வாசலை மிதிக்காமல், மனநல ஆலோசகர் ஒருவரிடம் தமிழிலேயே பேச முடிகிறது. மனநல மருத்துவம் என்றாலே பெருநகரத்துச் சங்கதி என்றிருந்த நாட்டில் இது சின்ன விஷயமல்ல. 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று ஒன்றிய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையின் எண் 14416. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் வழிகாட்டுதலில் 20 மொழிகளில் இரவு பகலாக இயங்குகிறது. அதே மாத இறுதியில் தமிழ்நாடு அரசு ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயர் சூட்டி இங்கும் தொடங்கியது. நாடு முழுவதும் 20 லட்சத்துக்கு மேல் அழைப்புகள் வந்துவிட்டன என்கிறது ஒன்றிய அரசு.

சரி, அழைத்த பிறகு அவர்கள் என்ன ஆனார்கள்? எத்தனை பேருக்கு மருத்துவர் தேவைப்பட்டார், அவர்களில் எத்தனை பேர் மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தார்கள், எத்தனை பேர் அடுத்த மாதமும் மாத்திரை வாங்க வந்தார்கள்? அந்த 20 லட்சத்தில் இதற்கான பதில் இல்லை. தொலைபேசி எத்தனை முறை ஒலித்தது என்பது மட்டுமே இருக்கிறது.

தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கண்டறிந்தது. நோயின் வகையைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை. இதற்குக் கூச்சம் ஒரு காரணம்தான். மனநல மருத்துவமனை இருப்பதாலேயே ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப் பெயரையே கேலி வசனமாக்கிய சினிமாவைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால், கூச்சத்தை மட்டுமே சொல்லிவிட்டு நகர்ந்தால் பழியை நோயாளியின் தலையில் கட்டியதாகிவிடும். அரசு மருத்துவமனையில் மருத்துவம் இலவசம். அங்கே போய் வருவது இலவசமல்ல. உடன் ஒருவர் வர வேண்டும். இருவருக்கும் பேருந்துக் கட்டணம், இருவருக்கும் அன்றைய கூலி நட்டம். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலைசெய்யத் தொடங்கவே சில வாரங்கள் ஆகும். நலமான பிறகும் மாதக்கணக்கில் தொடர வேண்டும். மனச்சிதைவு நோய்க்கோ ஆண்டுக்கணக்கில். கூலி வேலைக்குப் போகும் குடும்பம் மூன்றாவது மாதம் நின்றுவிடுவதில் வியப்பென்ன?

இதனால் தொலைபேசி உதவி வீண் என்று சொல்ல வரவில்லை. தேர்வு பயம், காதல் முறிவு, வீட்டுச் சண்டை, கடன் நெருக்கடி என்று தவிக்கும் பலருக்கு, குறுக்கிடாமல் கேட்கும் ஒரு காது அந்த இரவைக் கடக்கப் போதுமானது. சென்னையில் 1986 முதல் இயங்கிவரும் ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பின் தன்னார்வலர்கள் இதைத்தான் செய்துவருகிறார்கள். சிக்கல், பேச்சோடு தீராத நோய் உள்ளவர்களுக்குத்தான். டெலி மானஸின் வடிவமைப்பிலேயே இதற்கு இடமுண்டு: முதலில் ஆலோசகர், தேவையென்றால் மனநல மருத்துவர், அங்கிருந்து மாவட்ட மனநலத் திட்டம். இந்த மூன்றாவது கண்ணி எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

இதற்கு விடை தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. புதுக்கோட்டை போதும். சென்னையின் ‘ஸ்கார்ஃப்’ மனநலத் தொண்டு நிறுவனம் 2010 வாக்கில் அங்கே ஒரு பேருந்தை ஊர் ஊராக அனுப்பியது. நோயாளி பேருந்துக்குள் அமர்ந்து, தொலைவில் இருக்கும் மனநல மருத்துவரிடம் காணொளி வழியாகப் பேசுவார். மருத்துவர் எழுதும் மாத்திரை அதே பேருந்தில் இருந்த மருந்தகத்தில் இலவசமாகக் கிடைக்கும். உள்ளூரிலேயே பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள், வராதவர்களைத் தேடிப் போவார்கள். அலைவரிசை மக்கர் செய்த நாட்கள் இருந்திருக்கும், அது பெரிதல்ல. ஆலோசனையும் மருந்தும் தேடிவரும் ஆளும் ஒரே வண்டியில் வந்தன என்பதே அதன் சூட்சுமம். 14416இல் முதலாவது இருக்கிறது. மற்ற இரண்டும் வேறு திட்டங்களின் கையில்.

மற்ற இரண்டுக்குமான ஏற்பாடும் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகள் வீட்டுக்கே போகின்றன. அந்த மாத்திரைப் பையில் மனநல மாத்திரைகளுக்கும் முறையான இடம் வேண்டும். மருத்துவர் தொலைபேசியில் தொடர் ஆலோசனை தரட்டும். களப்பணியாளர் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, முந்தைய மாத அட்டை தீர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரட்டும். பையில் எந்த மாத்திரை இருக்கிறது என்று தெரு முழுக்கத் தெரிய வேண்டியதில்லை. சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்து வருவதில் அந்த வசதியும் உண்டு.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. ஓர் அறை வீட்டில் வாழும் பெண் எங்கே நின்று பேசுவார்? பல வீடுகளில் கைபேசியே கணவருடையது. அழைத்த எண் திரையில் பதிந்து நிற்கும். அவருக்கு இல்லாதது அழைப்புக் கட்டணமல்ல, கதவு சாத்திய ஓர் இடம். துணை சுகாதார நிலையத்தில் ஒரு நாற்காலி, ஒரு தொலைபேசி, ஒரு தாழ்ப்பாள் போதும். செலவு என்று சொல்லக்கூட வெட்கமாக இருக்கும் தொகை.

ஒன்றிய அரசின் நிதி ஒதுக்கீடோ எதிர்த்திசையில் போகிறது. 2023-24 நிதிநிலை அறிக்கையில் டெலி மானஸுக்குச் சுமார் 134 கோடி ரூபாய்; 2025-26இல் சுமார் 80 கோடி. அழைப்புகள் கூடும்போது பணம் குறைவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் தமிழ்நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். நாடு முழுக்க அந்த ஆண்டு உயிரை மாய்த்துக்கொண்டவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள்.

மனநலச் சிகிச்சை பெறுவது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு தரும் உரிமை. அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் இயங்கும் சேவையில், கட்டுப்படியாகும் செலவில், நல்ல தரத்தில், எட்டும் தொலைவில் அது கிடைக்க வேண்டும் என்கிறது சட்டம். அப்படியானால், அடுத்த மானியக் கோரிக்கையின்போது சுகாதாரத் துறை மாவட்டவாரியாக மூன்று எண்களைச் சட்டமன்றத்தில் வைக்கட்டும்: எடுக்கப்படாமல் போன அழைப்புகள், மருத்துவரிடம் அனுப்பப்பட்டு உண்மையிலேயே போய்ச் சேர்ந்தவர்கள், ஆறாவது மாதமும் சிகிச்சையில் இருப்பவர்கள். 20 லட்சம் என்ற கணக்கைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.