பேக்கப் மெதுவாக நடக்கிறதா? பாதியில் நிறுத்தாதீர்கள்!

பேக்கப் முடிய மணிக்கணக்கில் ஆகிறதே என்று அலுத்துப்போய், பாதியில் கேன்சல் கொடுப்பவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். சாப்ட்வேர் இன்ஜினியர் என்ற பெயர் வேறு! ஒரு நாள் லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் பழுதாகிவிட்டது. அக்காவின் திருமணப் படங்களில் பாதிதான் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இருந்தன. மீதி போனது போனதுதான்.

பிறகுதான் காரணம் தேடினேன். கேபிளை யு.எஸ்.பி. 2.0 போர்ட்டில் செருகியிருந்தேன். அதில் நடைமுறையில் நொடிக்கு 30 மெகாபைட் அளவே செல்லும். 500 ஜிபி காப்பியாக நாலரை மணி நேரத்திற்கும் மேலாகும். டிஸ்க், கேபிள், போர்ட் மூன்றும் யு.எஸ்.பி. 3.0 ஆக இருந்து, நொடிக்கு 100 மெகாபைட் கிடைத்தால், ஒன்றரை மணி நேரம் போதும். இந்த போர்ட்டின் உட்புறம் பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். ஆயிரக்கணக்கில் சிறிய பைல்கள் இருந்தால் வேகம் இன்னும் குறையும். அது டிஸ்க்கின் கோளாறு அல்ல.

என்னைக் கேட்டால், வேகத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். முதல் பேக்கப்தான் நீளும். விண்டோஸில் உள்ள பைல் ஹிஸ்டரி போன்ற வசதிகள், அடுத்தடுத்த முறை புதிய, மாறிய பைல்களை மட்டுமே காப்பி செய்கின்றன. எனவே பவர் செட்டிங்ஸில் ஸ்லீப் வசதியை நிறுத்தி, சார்ஜரை இணைத்து, இரவில் ஓட விடுங்கள். காலையில் முறைப்படி எஜெக்ட் கொடுத்த பின்னரே டிஸ்க்கைக் கழற்றுங்கள்.

கம்ப்யூட்டர் புதிதுதானே என்று தள்ளிப் போடாதீர்கள். அக்கா மாலை மாற்றும் படம் இன்று எங்கள் வீட்டில் யாரிடமும் இல்லை.