சாவை வெல்ல மாத்திரையா?

சிதம்பரத்தில் 1952-ல் பிறந்த குழந்தை ஒன்று பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றது. அவர்தான் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். 2009-ல் ரசாயனப் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. அதே ஆண்டில் வைத்தியப் பரிசைப் பெற்றவர்கள் எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் சோஸ்டாக் என்ற மூவர். அவர்கள் துலக்கிய ரகசியத்தை வைத்துத்தான் இன்று ‘இளமை மாத்திரை’ வியாபாரம் நடக்கிறது!

அது என்ன ரகசியம்?

கடலூர்த் துறைமுகத்தில் வடக்கயிற்றைப் பார்த்திருப்பீர்கள். நுனி பிரியாமலிருக்க நூலால் இறுகச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். நம் உயிரணுவிலுள்ள குரோமோசோம்களுக்கும் அப்படி நுனிக்கட்டு உண்டு. அதன் பெயர் டெலோமியர். அணு இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு முறையும் அது சிறிது தேயும். மிகவும் தேய்ந்தால், அணு பிரிவதை நிறுத்திவிடும்.

இந்த நுனியை ஆறு புரதங்கள் காவல் காக்கின்றன. ‘ஷெல்டெரின்’ என்பது அந்தக் கூட்டத்தின் பெயர். காவல் தவறினால், அறுந்த இழை என்று எண்ணி அணுவே நுனிகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். தேய்ந்த நுனியை வளர்க்க டெலோமரேஸ் என்ற நொதி இருக்கிறது. அதை அழைத்து வந்து நுனியில் சேர்ப்பதும் காவலர்களில் ஒன்றான டி.பி.பி.1 என்ற புரதமே!

வளர்ந்த மனிதரின் பெரும்பாலான அணுக்களில் இந்த நொதி உறங்குகிறது. “எழுப்பிவிட்டால் இளமை திரும்பும்” என்கிறார்கள் மாத்திரை வியாபாரிகள். நம்பலாமா?

கூடாது என்பேன். புற்றுநோய்களில் 100-க்கு 85 முதல் 90 வரை இதே நொதி விழித்துக்கொண்டிருக்கிறது. சாகாத அணு என்றால் அதுதான். அது ஆளையே சாகடிக்கிறது! நொதி குறைந்தாலும் ஆபத்துண்டு. அதற்குத் துணையான டிஸ்கெரின் என்ற புரதம் பிறவியிலேயே பழுதானால், எலும்பு மஜ்ஜை வற்றிப்போகும். ஆகவே அளவறிந்து நடப்பதே உடலின் நியதி.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2024-ல் அமெரிக்க அரசாங்கம் அனுமதித்த இமெடெல்ஸ்டாட் என்ற மருந்து, ஒருவகை ரத்த நோய்க்கானது. அது டெலோமரேஸைத் தூண்டுவதில்லை, தடுக்கிறது!

ராமகிருஷ்ணனும் 2024-ல் முதுமையையும் மரணத்தையும் பற்றி ஒரு நூல் எழுதினார். நீண்ட ஆயுள் பற்றிய ஆரவாரப் பேச்சுகளை அதில் ஐயத்தோடு அலசியிருக்கிறார். உயிரணுவை நன்கறிந்தவரே நிதானமாயிருக்க, நமக்கு ஏன் அவசரம்? மாத்திரைக்குக் கொட்டும் பணத்தைப் பரிசோதனைக்கும் நல்ல உணவுக்கும் செலவிடுங்கள். புகையிலையை விடுங்கள், அதற்குக் காசே வேண்டாம்.

மரணமிலாப் பெருவாழ்வு பேசிய வள்ளலாரின் மண் இது. 1867-ல் வடலூரில் அவர் மூட்டிய அடுப்பு இன்றும் பசித்தவருக்குச் சோறு போடுகிறது. அவர் காட்டிய வழி ஜீவகாருண்யம். மாத்திரைப் புட்டி அல்ல!