மஞ்சளில் மறைந்த நஞ்சு

மஞ்சள் என்பது நம் மொழியில் கிழங்கிற்கும் பெயர், நிறத்திற்கும் பெயர். கிழங்கை விற்கவேண்டிய வணிகன் நிறத்தை விற்கப் புகுந்தபோது, தாய் வயிற்றில் இருக்கும் பிள்ளையின் மூளைக்கே ஊறு நேர்ந்தது. இஃது உயர்வு நவிற்சி என எண்ணுவோர் வங்காளதேசத்தில் நடந்ததை அறிந்துகொள்க.

அந்நாட்டின் ஊர்ப்புறங்களில் சூல்கொண்ட பெண்டிர் பலருடைய குருதியில் ஈயம் மிகுந்திருந்தது. அது வந்த வழியை ஆய்வாளர் தேடினர். இசுட்டான்போர்டு பல்கலைக்கழகத்தாரும் தாக்கா ஆய்வு நடுவத்தாரும் கூடி ஆய்ந்து, அடுக்களை மஞ்சளே முதன்மையான வாயில் என்று 2019-இல் வெளியிட்டனர். 1980-களில் வெள்ளத்தில் நனைந்து நிறம் மங்கிய கிழங்கைப் பளிச்சிடச் செய்வதற்காக ஈயக்குரோமேட்டு என்னும் வண்ணப்பொடியைப் பூசத் தொடங்கினர். வெள்ளம் வடிந்தது, பூச்சு வடியவில்லை. ஒரு தலைமுறைக்கு மேலாக அதுவே வணிக வழக்காக நிலைத்துவிட்டது.

ஈயம் சுண்ணச்சத்தைப்போல் நடித்து உடலுக்குள் நுழையும் நஞ்சாகும். தாயின் எலும்பில் பல்லாண்டுகள் தங்கியிருந்து, அவள் சூல்கொண்ட காலத்தில் எலும்பு கரையும்போது அதனோடு வெளிப்பட்டு, நச்சுக்கொடியைக் கடந்து கருவை அடையும். வளர்ந்தோரின் மூளை உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்கே. ஆயினும் உடல் கொள்ளும் உயிர்வளியில் ஏறத்தாழ 20 பங்கை அது செலவிடுகிறது. கொழுப்பு மிகுந்த அவ்வுறுப்பில், உயிர்வளியிலிருந்து பிறக்கும் சிதைவுக்கூறுகள் எளிதில் தீங்கிழைக்கும். ஈயம் அக்கூறுகளைப் பெருக்குகிறது. அவற்றைத் தணிக்கும் உடற்காப்பையும் குலைக்கிறது. கருவின் மூளைக்கோ அக்காப்பு இன்னும் முற்றவில்லை. இன்ன அளவுவரை ஈயம் தீங்கற்றது என்று சொல்லத்தக்க எல்லை ஏதும் அறியப்படவில்லை என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் முடிவு.

இங்கேதான் ஒரு கூட்டம் முன்வந்து, "செடிகொடிகளில் சிதைவுத் தடுப்பிகள் உள்ளன, மஞ்சளிலேயே உள்ளது, அதனை உண்டால் நஞ்சு என்ன செய்யும்?" என்று கேட்கிறது. கேள்வியில் ஓரளவு உண்மை உண்டு. ஈயம் ஊட்டிய எலிகளுக்கு மஞ்சளின் நிறச்சத்தாகிய குருக்குமினைக் கொடுத்தபோது மூளைச் சிதைவு குறைந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால், எலிக்கு ஊட்டிய அளவு நம் குழம்பில் இல்லை. உண்ட குருக்குமினிலும் மிகச் சிறு பங்கே குருதியில் சேர்கிறது. மாந்தக் கருவின் மூளையை அது ஈயத்தினின்று காத்தது என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

உணவில் உள்ளதை வடித்தெடுத்து மாத்திரையாக்கினால் நன்மை பெருகும் என்பதும் பொய்த்த நம்பிக்கையே. சூல்கொண்ட பெண்டிர் இரண்டாயிரவர்க்கு மேற்பட்டோரைக் கொண்டு பிரித்தானியாவில் நடந்த ஆய்வொன்றின் முடிவு 2006-இல் வெளிவந்தது. சிதைவுத் தடுப்பிகளான சி, ஈ உயிர்ச்சத்துகளைப் பேரளவில் உண்டோர்க்குப் பேறுகால வலிப்புநோயின் முன்னிலை தடைப்படவில்லை. எடை குறைந்த குழந்தைகளே மிகுதியாகப் பிறந்தன. மருந்துக்கடைப் புட்டியைத் தாய்மையின் காவலனாக விளம்பரம் செய்வோர் இதற்கு என்ன விடை கூறுவர்?

வங்காளதேசம் மாத்திரையை நாடவில்லை, வாயிலையே அடைத்தது. 2019-இல் அரசு சந்தைகளில் புகுந்து ஆய்ந்தது. கலப்புச் செய்த வணிகரைத் தண்டித்தது. தீங்கை நாடெங்கும் எடுத்துரைத்தது. அவ்வாண்டில் நூற்றுக்கு 47 மஞ்சட் கூறுகளில் ஈயம் காணப்பட்டது. 2021-இல் ஒன்றிலும் இல்லை. இரண்டே ஆண்டுகளில் இது கைகூடியது!

நம் நிலை என்ன? இந்தியா, பாக்கித்தான், இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளின் 23 நகர்களில் திரட்டிய மஞ்சளைப் பற்றிய ஆய்வு 2024-இல் வெளிவந்தது. ஈயம் மிகுந்திருந்த நகர்களின் வரிசையில் பட்னா, கராச்சி, பெசாவர் ஆகியவற்றோடு சென்னையும் இடம்பெற்றது. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றுப் பெருமை கொண்ட மண்ணுக்கு இஃது இழுக்கன்றோ? கன்னெயில் கலந்த ஈயத்தை 2000-ஆம் ஆண்டில் விலக்கிய நாட்டுக்கு, மஞ்சளில் கலந்த ஈயத்தை விலக்குவது ஆகாத செயலா? சந்தைதோறும் ஆய்வு வேண்டும். ஆய்வின் முடிவு மக்கள் அறிய வெளிவர வேண்டும். குற்றவாளிக்குத் தண்டம் வேண்டும்.

அதுவரை இல்லத்தார் செய்யத்தக்கவை சில உள. கண்ணைப் பறிக்கும் நிறத்துக்கு மயங்காதீர். மெருகேற்றாத மங்கல் கிழங்கை வாங்கி அரைத்துக்கொள்க. சுண்ணச்சத்தும் இரும்புச்சத்தும் குறைந்த உடல் ஈயத்தை மிகுதியாக ஈர்க்கும். ஆகலின் கீரையும் கேழ்வரகும் பாலும், இரும்புச்சத்து உடலிற் சேரத் துணைபுரியும் நெல்லிக்கனியும் சூல்கொண்டாள் உணவில் குறையாதிருக்கட்டும். இவை நஞ்சை முறிக்கும் மருந்துகள் அல்ல. நஞ்சுக்கு இடங்கொடாத உடலை ஆக்கும் உணவுகள்.

செடியின் ஆற்றலைப் போற்றுவோம். அச்செடியின் பெயரால் நஞ்சு விற்பவனைப் பொறுத்துக்கொண்டு அதன் புகழைப் பாடுவது மட்டும் வேண்டா. பிறவாத பிள்ளைக்கு வாயில்லை. அதன் பொருட்டுக் கேட்கவேண்டியவர் நாமே.