நோயறிந்த பின்னரே மருந்து

மண்ணுக்குள் மறைந்தது அங்கேயே அழிந்துவிடும் என்பது மாந்தர் பலர் கொண்ட எண்ணம். ஆலைகளிலும் எண்ணெய்க் கிடங்குகளிலும் நிலத்தடியிற் புதைத்த தொட்டிகளிலிருந்து சிறிது சிறிதாகக் கசியும் பெட்ரோல், அவ்வெண்ணம் பொய்யென்பதை நன்கு உணர்த்தும். கசிந்த பெட்ரோல் மண்ணிடை இறங்கி, நீரினும் இலேசானதாதலின் நிலத்தடி நீரின்மேல் மிதக்கும். அதன்கண் உள்ள பென்சீன் முதலியன நீரிற் கரைந்து ஓடும். பென்சீன் இரத்தப் புற்றுநோய் விளைக்கும் பொருள். ஒரு லிட்டர் குடிநீரில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் அஃது இருத்தலாகாதென்பது அமெரிக்க நாட்டு விதி. அக்கணக்கின்படி, ஒரே கிராம் பென்சீன் 2,00,000 லிட்டர் நீரை அவ்வெல்லைக்குக் கொண்டு நிறுத்தும்.

இவ்வாறு கெட்ட நிலத்தை என் செய்வது? ஒரு சாரார், இறைத்து வடித்தால் போதும் என்பர். மற்றொரு சாரார், இயற்கையே தூய்மை செய்யும், பொருளை வீணாக்க வேண்டா என்பர். இருசாராரும் நோயை அறியுமுன் மருந்து கூறுகின்றனர் என்பதே எம் கருத்து.

இயற்கையை நம்புவார்க்குச் சான்று இல்லாமலில்லை. அமெரிக்காவில் மினசோட்டா மாகாணத்துப் பெமிட்ஜி நகருக்கருகே 1979ஆம் ஆண்டில் ஒரு குழாய் வெடித்துச் சுமார் 17 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டிற்று. 1983 முதல் அவ்விடத்தை ஆராய்ந்த அறிஞர்கள், நீரிற் கரைந்த பென்சீனை மண்வாழ் நுண்ணுயிர்கள் உண்டு குறைப்பதைக் கண்டனர். ஆனால், கலிபோர்னியாவின் ஸாண்டா மோனிகா நகரத்தார்க்கு நேர்ந்தது வேறு. காற்று மாசுபடுவதைக் குறைத்தற்பொருட்டுப் பெட்ரோலிற் சேர்த்த எம்.டி.பி.ஈ. என்னும் பொருள் கசிந்து அந்நகரின் கிணறுகளை அடைந்தது. அப்பொருள் நீரில் மிக எளிதாகக் கரையும், மண்ணில் ஒட்டாது, நுண்ணுயிர்களுக்கும் எளிதில் இரையாகாது. 1996இல் சார்னாக் கிணறுகள் மூடப்பட்டன. நகரம் தன் குடிநீரில் ஏறக்குறையப் பாதியை இழந்தது. எண்ணெய்க் கம்பெனிகளின்மேல் வழக்காடிப் பொருள் பெற்று, கரிப்படுகையில் நீரை வடித்து, அக்கிணறுகளை மீண்டும் பயன்கொள்ள ஏறத்தாழ 15 ஆண்டுகள் சென்றன. பெமிட்ஜியிற் கண்டதை நம்பி ஸாண்டா மோனிகாவில் வாளாவிருந்திருப்பின் என்னாகியிருக்கும்?

இனி, இறைப்பதொன்றையே நம்புவாரை நோக்குவாம். மண்துகள்களின் இடையே சிக்கிய எண்ணெய் இறைக்கும் நீரோடு முற்றும் வாராது. இறைக்குங்கால் நீர் தெளிந்ததுபோலத் தோன்றும். பொறியை நிறுத்தியபின் நஞ்சு மீண்டும் கரைந்து மிகும். ஆதலால் கசியும் தொட்டியை அகற்றுதலும், மிதக்கும் எண்ணெயை எடுத்தலும், மண்ணிடை நிற்கும் ஆவியைப் பொறியால் உறிஞ்சுதலும் முன்னர்ச் செய்யத்தக்கன.

இவற்றுள் எது எங்கே வேண்டுமென்பதை ஆராய்ச்சியே காட்டும். குறைந்தது மூன்று சோதனைக் கிணறுகள் தோண்டி நீர்மட்டம் அளந்தாலன்றி, நிலத்தடி நீர் எத்திசை நோக்கி ஓடுகின்றதென்பதும் விளங்காது. திசை அறியாதார், அடுத்து எவருடைய கிணறு கெடும் என்பதை எங்ஙனம் அறிவர்?

ஆராய்ச்சிக்குக் காலமும் பொருளும் மிகுதியாம் என்று தொழிலதிபர் குறைகூறலாம். அது மெய்யே. ஆராய்கின்றோம் என்னும் பெயரால் ஆண்டுகளைக் கடத்துவாரும் உண்டு. ஆதலின் இரண்டு கடமைகளைச் சட்டம் வற்புறுத்த வேண்டுமென்பேம். ஆராயும் நாளெல்லாம் அயலார்க்கு நன்னீர் வழங்குதல் தொட்டிக்குரியார் கடன். சோதனையிற் கண்டதைக் கண்டவாறே ஊரார்க்கு அறிவித்தலும் அவர் கடன். எண்ணெயால் வரும் ஊதியம் ஒருவர்க்கும், அதன் நஞ்சு மற்றொருவர்க்கும் ஆவது நீதியன்று. தொட்டியைப் புதைக்கும் நாளிலேயே அதன் அருகிற் சோதனைக் கிணறும் தோண்டப்படுமாயின், பின்னர் வரும் பெருஞ்செலவிற் பெரும்பகுதி நேராது.