பெருநாள் உடுப்பும் பஸார் கணக்கும்

நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரத்தில் திருகோணமலை பஸாரில் எது அதிகம் விலைப்படுகிறது என்று கேட்டால், துணிக்கடைக்காரன் என்ற வகையில் தயங்காமல் பதில் சொல்வேன்: டீசேர்ட்டும் டெனிமும். சாதாரண நாளில் கடற்கரைக்குப் போட்டுச் செல்லும் அதே உடுப்புத்தான் இப்போது பெருநாள் தொழுகைக்கும் போகிறது. நிக்காஹ் வீட்டுக்கும் போகிறது, பரிசளிப்பு விழாவுக்கும் போகிறது. விசேஷத்துக்கென்று தனியாக உடுத்தும் வழக்கம் நம் கண்முன்னே தேய்ந்து வருகிறது.

துணி விற்பவன் துணிக்காகத்தானே பேசுவான் என்று வாசகர்கள் நினைக்கலாம். அது நியாயமான சந்தேகம். ஆனால் டீசேர்ட் விற்றாலும் எனக்கு இலாபம்தான். அது சீக்கிரம் பழுதாவதால் வாடிக்கையாளர் மீண்டும் வருவார். ஆகவே என் கல்லாவுக்காக இதை எழுதவில்லை.

ஒரு காலத்தில் கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் துறை கடந்து பெருநாள் சாமான் வாங்க நகருக்கு வருவார்கள். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை அந்தப் பயணமே ஒரு நாள் வேலை. முதலில் துணிக்கடை, அடுத்தது தையல்கடை. சட்டைக்கு இரண்டேகால் மீற்றர் வெட்டி வாங்கி, அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். பதினைந்தாம் நோன்புக்குப் பிறகு ஓர்டர் எடுப்பதில்லை என்று தையல்கடையில் மட்டை தொங்கும். இன்று அதே கடைகளில் டெனிமின் அடியை வெட்டி மடிப்பதும் சிப் மாற்றுவதும்தான் தொழில். “பிள்ளைகளுக்கு இந்த வேலையைப் பழக்கவில்லை நாநா” என்று ஒரு தையல்காரர் என்னிடம் சொன்னார். ஒரு தலைமுறை பழகாவிட்டால் அந்தக் கைத்தொழில் அதோடு போய்விடும்.

ஏன் இப்படியானது? முதற்காரணம் பொருள் மலிந்தது. இறக்குமதி இறுகியிருந்த 1970 களின் முற்பகுதியில் நல்ல துணி கிடைப்பதே அரிது. கிடைத்ததைப் பெருநாளுக்கென்று பெட்டியில் பூட்டி வைத்தார்கள். 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1992 இல் ஜனாதிபதி பிரேமதாசவின் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் வந்தது. ஏற்றுமதிக்குத் தைத்ததில் மிஞ்சியவை புறக்கோட்டை வழியாக எங்கள் கடைகளுக்கும் வந்து குவிந்தன. மாதாமாதம் புது உடுப்பு வாங்குகிறவனுக்குப் பெருநாள் உடுப்பு மட்டும் எப்படிப் புதிதாகத் தெரியும்?

இரண்டாவது, அடிமேல் அடி. 2019 ஏப்ரல் தாக்குதலுக்குப் பின் வந்த பெருநாளைப் பயத்தோடு கழித்தோம். 2020 இல் ஊரடங்கு, 2021 இல் பயணக் கட்டுப்பாடு. இரண்டு நோன்புப் பெருநாள்கள் வீட்டுக்குள்ளேயே முடிந்தன. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனது. அந்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. சோற்றுக்கே வழி தேடியவரிடம் சட்டையைப் பற்றிப் பேச முடியுமா? நெருக்கடி சற்றுத் தணிந்த பின்னும், விட்டுப்போன பழக்கம் திரும்பி வரவில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. 1818 இல் தொடங்கிய அமெரிக்காவின் புரூக்ஸ் பிரதர்ஸ் கோட்சூட் கொம்பனி 2020 ஜூலையில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. அதற்கு முந்திய ஆண்டிலேயே கோல்ட்மன் சாக்ஸ் வங்கி தன் ஊழியர்களின் உடைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியிருந்தது.

“எளிமைதானே நல்லது, ஆடம்பரம் குறைந்தால் என்ன நட்டம்?” என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் கணக்குப் பாருங்கள். வருடம் முழுக்க வாங்கும் மலிவு டீசேர்ட்டுகளின் விலையைக் கூட்டினால் நல்லதொரு சட்டையும் சாரனும் வாங்கிவிடலாம். அவை பல பெருநாள்களுக்கு நிற்கும். இன்னொரு பக்கம், எளிமை பேசும் அதே வீட்டில் கல்யாணம் வந்தால் ஒரே நாளைக்கு மாப்பிள்ளைக்குக் கோட்டு, மணப்பெண்ணுக்கு மாற்றி மாற்றி உடுப்பு, எல்லாம் கடனில். எளிமையும் வீண்விரயமும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. அலங்காரத்தையும் விரயம் செய்யாமையையும் ‘அல்அஃராஃப்’ அத்தியாயத்தின் 31 ஆம் வசனம் சேர்த்தே பேசுகிறது. நாம் இரண்டையும் பிரித்துவிட்டோம்.

நான் அதிகம் கவலைப்படுவது ஏழையைப் பற்றித்தான். பணக்காரன் கிழிந்த டெனிமோடு வந்தாலும் அதை நாகரிகம் என்பார்கள். கூலிக்காரன் பழைய சட்டையோடு வந்தால் அவனுக்கு இல்லாமை என்பார்கள். வெளுத்த சட்டையும் தேய்த்த சாரனுமாக எல்லோரும் ஒரே வரிசையில் நின்றபோது இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. விசேஷ உடுப்பு என்பது ஏழைக்கும் ஒரு நாள் மரியாதை.

நம் முன்னோர் இதைச் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. 1905 இல் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியுடன் நீதிமன்றத்தில் தோன்றுவதைப் பிரதம நீதியரசர் லேயார்ட் தடுத்தார். அந்த ஆண்டு டிசம்பர் 31 ஆம் திகதி மருதானையில் முஸ்லிம்கள் பெருந்திரளாகக் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த இடத்துக்கு மரியாதை செய்யவும் தமக்குரிய மரியாதையைப் பெறவும் அந்தத் தொப்பி வேண்டும் என்று அவர்கள் கருதினார்கள். தூரத்துக்குப் போவானேன், நம் துறைமுகத்துக் கடற்படைக் கல்லூரியில் பயிற்சி முடித்து வெளியேறும் இளைஞர்களைப் பாருங்கள். அந்த ஒரு காலைக்காக வெள்ளை உடுப்பை எத்தனை தரம் தேய்க்கிறார்கள்! நாளுக்கு மதிப்பு வருவது நாம் அதற்குத் தயாராகும் விதத்தில்தான்.

என்ன செய்யலாம்? வியாபாரிகளாகிய நாம் தைத்த உடுப்போடு வெட்டுத் துணியும் வைக்க வேண்டும். பக்கத்துத் தையல்காரரோடு பேசி, துணியும் கூலியும் சேர்த்து ஒரே விலை சொல்லலாம். றஜப், ஷஃபான் மாதங்களிலேயே ஓர்டர் எடுத்தால் அவருக்கும் வேலை நெருக்காது, வாங்குபவரும் தவணையில் கட்டிவிடலாம். ஏழைக் குடும்பங்களுக்கு உடுப்புக் கொடுப்பவர்கள், கடையில் தேங்கிய சரக்கை மூட்டையாகக் கட்டிக் கொடுக்காமல் பிள்ளையின் அளவெடுத்துத் தைத்துக் கொடுக்கட்டும். பெற்றோர் பிள்ளைக்கு நல்ல உடுப்பு ஒன்றை எடுத்துக் கொடுத்து, “இது பெருநாளுக்கும் நிக்காஹ் வீட்டுக்கும்” என்று சொல்லி வைக்கட்டும்.

ஒரு நல்ல உடுப்புப் போதும். ஆனால் அந்த ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும்.