சிறு நகரங்களுக்கு ஆகாய மார்க்கம்

2003-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் பெங்களூரிலிருந்து ஹூப்ளிக்கு 48 ஆசனங்களுள்ள சிறு விமானமொன்று புறப்பட்டது. ஏர் டெக்கான் கம்பெனியின் சேவை இவ்வாறே ஆரம்பமாயிற்று. அதனை ஸ்தாபித்த கேப்டன் கோபிநாத், ஹாஸன் ஜில்லா கோரூரைச் சேர்ந்தவர். ராணுவத்தை விட்டு விலகிப் பட்டுப்பூச்சி வளர்த்தும் பயிர் செய்தும் ஜீவித்தவர். ஆகாய யாத்திரை தனவந்தர்களுக்கே உரியது என்றிருந்த எண்ணத்தைச் சில வருஷங்களில் அவர் தகர்த்தெறிந்தார். அந்தக் கம்பெனி ஏன் நிலைக்கவில்லை என்பதை நம்மவர் இன்று ஆராய வேண்டியது அவசியமாகிறது.

அதன் முறை எளிது. சுழல்விசிறி பூட்டிய ஏ.டி.ஆர். விமானம் குறுகிய ஓடுபாதையிலும் இறங்கும். குறுந்தூரத்திற்கு ஜெட் விமானத்தைவிடக் குறைந்த எண்ணெயே அதற்குப் போதும். பிரயாணிகளுக்கு இலவச உணவு கிடையாது. டிக்கட்டை இன்டர்நெட் மூலமாகவே வாங்கலாம். தரகருக்குக் கமிஷன் மிச்சம். இறங்கிய விமானம் அரைமணி நேரத்தில் மறுபடி கிளம்பும். ஸர்க்காரும் 80 ஆசனங்களுக்குக் குறைந்த விமானங்களுக்கு இறங்கு கட்டணத்தைத் தள்ளிக் கொடுத்தது. அவற்றின் எண்ணெய் மீதான விற்பனை வரியும் நூற்றுக்கு 4 ஆகக் குறைந்தது. நான்கே வருஷங்களில் 40-க்கு மேற்பட்ட விமானங்கள், 60-க்கு மேற்பட்ட ஊர்கள் என்று கம்பெனி பெருகிற்று.

பெருகிய வேகத்திலேயே நஷ்டமும் பெருகிற்று. ஒரு ரூபாய்க்கு டிக்கட் என்ற விளம்பரம் ஜனங்களை வசீகரித்தது உண்மை. ஆனால் அடக்க விலைக்குக் கீழே விற்றவர் கடனாளியாவதைத் தடுக்க எந்த ஸாமர்த்தியத்தாலும் முடியாது. ஏ.டி.ஆரோடு நில்லாமல் பெரிய ஜெட் விமானங்களை வாங்கிப் பெருநகர மார்க்கங்களில் போட்டியிட்டதும் பிசகே என்பது நமது அபிப்பிராயம். 2007-இல் விஜய் மல்லையாவின் ஸ்தாபனம் நூற்றுக்கு 26 பங்கை வாங்கியது. 2008-இல் டெக்கான் என்ற பெயரே மறைந்தது. அக்காலத்து விதிப்படி ஐந்து வருஷம் உள்நாட்டில் பறந்த கம்பெனியே அந்நிய தேசங்களுக்குப் பறக்கலாம். டெக்கானின் ஐந்து வருஷம் 2008-இல் பூர்த்தியாயிற்று. கிங்பிஷர் உடனே லண்டனுக்குப் பறந்தது! 2012-இல் கிங்பிஷரும் தரையில் முடங்கியது. 2020-இல் வெளிவந்த ‘சூரரைப் போற்று’ படத்தில் கோபிநாத்தின் கதை மதுரைப் பக்கத்து வாலிபனின் கதையாகி வெற்றியில் முடிகிறது. படக்காட்சிக்கு வேண்டிய இடத்தில் திரையை இறக்கலாம். கம்பெனிக்கு அந்த ஸௌகரியம் ஏது?

பின்னர் ஸர்க்கார் உடான் திட்டத்தைக் கொணர்ந்தது. 2017 ஏப்ரலில் ஸிம்லா - டில்லி மார்க்கத்தில் அது தொடங்கிற்று. ஒரு மணி நேரப் பிரயாணத்திற்குச் சுமார் 2,500 ரூபாய் என்று பாதி ஆசனங்களின் விலையைக் கட்டி, அதனாலாகும் நஷ்டத்தை மூன்று வருஷம் ஈடு செய்வது ஏற்பாடு. நோக்கம் நல்லதே. பலனோ? தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023-ஆம் வருஷத்து அறிக்கை கூறுவதைக் கேளுங்கள்: பரிசீலித்த 774 மார்க்கங்களில் 403 ஆரம்பமாகவே இல்லை. ஆரம்பித்த 371-இல் மூன்று வருஷத்தைக் கடந்தவை 112. அதன் பிறகும் நிலைத்தவை 2023 மார்ச்சில் 54!

தமிழ்நாட்டின் அனுபவமும் இதுவே. 2018-இல் சேலத்திலிருந்து சென்னைக்கு ட்ரூஜெட் என்ற சிறு கம்பெனி விமானம் விட்டது, 2021-இல் நின்றது, ஊரார் 2023 அக்டோபர் வரை காத்திருந்தனர். நெய்வேலியோ திட்டத்தில் பெயர் ஏறியதோடு திருப்தியடைய நேர்ந்தது.

மூன்று வருஷ உதவியை நம்பி விமானத்தைக் குத்தகைக்கு எடுக்கும் சிறு முதலாளி நாலாவது வருஷம் என்ன செய்வான்? உதவித் தொகையைத் திடீரென நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்கட்டும். குறித்த நாளில் குறித்த வேளையில் பறந்ததற்கே பணம் தரட்டும். நாளைக்கு உண்டா இல்லையா என்று தெரியாத விமானத்தை நம்பி எந்த வியாபாரியும் டிக்கட் வாங்கமாட்டான். எந்த மார்க்கம் எப்போது, எக்காரணத்தால் நின்றது என்பதை மாதந்தோறும் பிரசுரிக்கவும் வேண்டும். பார்லிமெண்டிலுள்ள நமது பிரதிநிதிகள் முதலில் சேலத்தின் கணக்கையும் நெய்வேலியின் கணக்கையும் கேட்பார்களாக.