குளக்கரைக்கு வந்த விருந்தாளிகள்

"டாக்டரம்மா தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லிட்டாங்கக்கா. நாலு நாள் போனனுங்க. அஞ்சாம் நாள் சலிச்சுப் போச்சு!"

இந்தப் புலம்பலைக் கேட்காத தெரு கோவையில் உண்டா? சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நடை நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். வாரத்துக்கு 150 நிமிடமாவது சற்று வேகமாக நடக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. தெரிந்து என்ன பயன்? கால் நடந்தாலும் மனசு அடுப்படியிலேயே நிற்கிறது. பாலுக்கு உறை ஊத்தினமா, இட்லிக்கு அரிசி ஊறப் போட்டமா என்று!

சலிக்காமல் நடக்க ஒரு வழி இருக்கிறது, சகோதரிகளே. மார்கழி, தை மாதங்களில் குளக்கரைப் பக்கமாக நடங்கள். நடக்கும்போது தண்ணீர்ப் பக்கம் கொஞ்சம் தலையைத் திருப்புங்கள். அவ்வளவுதான்!

யார் யார் வந்திருக்கிறார்கள்?

வெள்ளியங்கிரி மலைப்பக்கம் பிறக்கும் நொய்யல், வாய்க்கால்கள் வழியாக நம் குளங்களுக்குத் தண்ணீர் தருகிறது. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சி, சிங்காநல்லூர், சூலூர் என்று பட்டியல் நீளும். சில குளங்களின் கரையில் இப்போது நல்ல நடைபாதையே போட்டிருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் நிறைந்தால் வெளியூர் விருந்தாளிகள் வந்து சேருவார்கள்.

முதலில் வருவது வாலாட்டிக் குருவி. புரட்டாசியிலேயே சில வந்துவிடும். தரையில் தத்தாமல் நடக்கும். வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும். எடை இருபது கிராம்தான் இருக்கும். நாம் குழம்புக்கு ஊறப் போடும் நெல்லிக்காயளவு புளி! அந்தச் சின்ன உடம்பு இமயமலைப் பக்கமிருந்து நம் ஊர் வரை பறந்து வருகிறது.

நீலச்சிறகி வாத்தும் ஊசிவால் வாத்தும் இமயத்துக்கும் அப்பால், வடக்கே வெகு தூரத்திலிருந்து வருகின்றன. சாயங்காலம் கூட்டம் கூட்டமாகச் சுழன்று பறக்கும் இளஞ்சிவப்பும் கறுப்புமான பறவை சூறைக்குருவி. சோளக்காட்டுக்காரர்கள் அதைச் சோளப்பட்சி என்பார்கள். தானியத்தைத் தின்பது உண்மைதான். ஆனால் வெட்டுக்கிளிகளையும் வெளுத்து வாங்கிவிடும்!

உள்ளூர்க்காரர்களையும் மறக்கக் கூடாது. நெற்றியில் வெள்ளை நாமம் போட்டது போல் இருந்தால் நாமக்கோழி. இப்போது இருந்தது, அதற்குள் காணோமே என்றால் அது முக்குளிப்பான். துவைத்த துணியைக் காயப் போட்டது போல் சிறகை விரித்து உட்கார்ந்திருப்பது நீர்க்காகம். தாடைக்குக் கீழே பை தொங்குவது கூழைக்கடா.

திருப்பூர்ச் சகோதரிகளுக்கு இன்னும் அதிர்ஷ்டம். நஞ்சராயன் குளம் 2022-ல் பறவைகள் சரணாலயமாகி, 2024-ல் உலக முக்கியத்துவம் பெற்ற ராம்சார் பட்டியலிலும் இடம் பிடித்தது. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து சில ஆண்டுகளில் அங்கே வந்து இறங்குகிறது. 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பறக்கக்கூடிய பறவை அது!

நடையும் கெடக் கூடாதே!

"நின்னு நின்னு பார்த்தா நடை என்னாகும்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். போகும்போது கை வீசி வேகமாக நடந்துவிடுங்கள். திரும்பும்போது நிதானமாக நின்று பாருங்கள்.

காலை ஆறரையிலிருந்து எட்டு வரை நல்ல நேரம். வீசிங் தொல்லை உள்ளவர்கள் பனி விலகி வெயில் வந்த பிறகு கிளம்புங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் போகலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கையில் நாலு சாக்லெட் இருக்கட்டும். ஆள் நடமாட்டம் குறைந்த கரை என்றால் இரண்டு மூன்று பேராகப் போவது நல்லது.

பைனாகுலர் இல்லையே என்று கவலை வேண்டாம். குழந்தையைக் கூட்டிப் போனால் நாலே நாலு கேள்வி கேளுங்கள். "கண்ணு, அது குருவி அளவா, மைனா அளவா, காக்கா அளவா? மூக்கு எப்படி இருக்குது? கால் நீளமா, குட்டையா? என்ன பண்ணிட்டு இருக்குது?" நாலுக்கும் பதில் கிடைத்தால் பாதி அடையாளம் தெரிந்த மாதிரிதான்.

விருந்தாளிக்குச் சேறும் வேண்டும்

கரையோரச் சேறு நமக்கு அசிங்கமாகத் தெரிகிறது. விருந்தாளிக்கோ அதுதான் இலை போட்ட பந்தி! உள்ளான்களும் கொக்குகளும் கணுக்கால் அளவுத் தண்ணீரில்தான் புழு பூச்சிகளைத் தேடித் தின்னும். கோரையும் நாணலும் தாழைக்கோழி கூடு கட்டும் இடம். குளத்தைச் சுற்றிலும் செங்குத்தாகக் கல் பதித்து, புல்லைச் சிரைத்து, இரவெல்லாம் விளக்குப் போட்டால் நமக்குப் பூங்கா கிடைக்கும். அவற்றுக்குச் சாப்பாடும் போய்விடும், தூக்கமும் போய்விடும். அதற்காக அப்படியே விட்டுவிடவும் முடியாது. சாக்கடை கலந்து ஆகாயத்தாமரை குளத்தை மூடிவிட்டால் வாத்து நீந்தவே இடம் இருக்காது. நடக்க நமக்கு ஒரு பக்கம், மேய அவற்றுக்கு ஒரு பக்கம் என்று விட்டால் இரண்டும் நடக்கும். சிங்காநல்லூர் குளத்தை மாநகராட்சி 2017-ல் பல்லுயிர்ப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது நல்ல வழிகாட்டல்.

நம் பங்குக்கு ரொட்டி, மிக்சர், பொரி என்று எதையும் தண்ணீரில் போடாமல் இருப்போம். அது அவற்றின் உணவல்ல, தண்ணீரையும் கெடுக்கும். கரையில் எச்சில் பொட்டலம் கிடந்தால் தெருநாய் வரும். நாய் வந்தால் தரையில் முட்டையிடும் ஆள்காட்டிக் குருவியின் கதி என்ன?

பால் கணக்கு எழுதும் கை

கடைசியாக ஒரு வேண்டுகோள். பால் கணக்கு, மளிகைக் கணக்கு எல்லாம் எழுதுகிற கைதானே? இன்னொரு சின்ன நோட்டும் போடுங்கள். தேதி, நேரம், குளத்தின் பெயர், என்ன பறவை, எத்தனை. பெயர் தெரியாவிட்டால் 'கறுப்பு, வெள்ளை மூக்கு, பன்னிரண்டு' என்று எழுதினாலும் போதும்.

"நாம எழுதி என்ன ஆகப் போகுது?" என்று நினைத்துவிடாதீர்கள். ஜமால் ஆரா என்ற அம்மையார் ராஞ்சி வட்டாரக் காடுகளில் பறவைகளைப் பார்த்துப் பார்த்துக் குறித்தவர். பறவை பார்ப்பது பற்றி அவர் எழுதிய சிறு புத்தகத்தை 1970-ல் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது. அவருக்கும் தொடக்கம் ஒரு நோட்டும் பென்சிலும்தானே!

2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு எங்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஒரே இடத்தில் நின்று எண்ணி, ஈபேர்ட் இணையதளத்தில் பதிந்தால் போதும். செல்போனில் உங்கள் பிள்ளைகளே செய்து தருவார்கள்.

நிபுணர்கள் எப்போதோ ஒரு நாள் குளத்துக்கு வருவார்கள். தினமும் அந்தக் கரையில் நடப்பவர்கள் நாம். "போன தையில் இந்த மூலையில் நாற்பது வாத்து இருந்துச்சுங்க, இந்தத் தையில் ஒண்ணுகூட இல்லீங்க" என்று நோட்டைத் திறந்து காட்டினால், வார்டு கவுன்சிலர் ஆனாலும் அதிகாரி ஆனாலும் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்?

அடுத்த இதழில், நம் வீட்டுக் கொல்லைக்கே வரும் தையல் சிட்டையும் தேன்சிட்டையும் பார்ப்போம்.